ஒரே இடத்தில் பேசிய பல்செட்காரர்

பல்செட்காரருக்குப் பேச்சுத் துணை இல்லை என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நாள் முழுக்க அவர் எதிரில் யாராவது வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாய்க்குள் அச்சுத் தட்டும், தட்டு நிறையக் குழைத்த பசையும் இருக்கும். "அசையாதீங்க, மூணு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் பேச ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர் கண்ணை உருட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். பசை இறுகி, தட்டு வெளியே வந்து, கொப்பளித்துத் துப்பியதும், "எப்போ ரெடியாகும்?" என்று ஒரே ஒரு கேள்வி. அதோடு எழுந்து போய்விடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அவருடைய உரையாடல்கள் இந்த லட்சணத்தில்தான் நடந்தன.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம், ஜெனரேட்டருக்கும் கழிவறைக்கும் நடுவில் அவருடைய அறை. ஒரு ஜன்னல், ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகு வழிக்கும் கத்திகள், மூலையில் பாலிஷ் மோட்டார். அலமாரி நிறைய பிளாஸ்டரில் வார்த்த வாய்கள். ஊரில் பாதிப் பேருடைய வாய், பேர் எழுதி, தேதி போட்டு அங்கே அடுக்கியிருக்கும். யாருடைய சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யாருடையது அவர் கைவேலை என்பது அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். தலையே போனாலும் வெளியே சொல்லமாட்டார் என்று நல்ல பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கால் மணி நேரத்தில் காற்றோடு போனது.

வீட்டில் பேசலாமே என்பீர்கள். மனைவி தையல்காரர். கெட்டிக்காரி, கை சுத்தம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய பேச்சு மெஷினோடு சேர்ந்து ஓடும். இவர் ஒரு வார்த்தை நுழைக்க வேண்டும் என்றால் நூல் அறுந்தால்தான் உண்டு. நல்ல நூல் வாங்கிக் கொடுத்தது யார் என்றால் அதுவும் இவர்தான்.

ஆகவே மனிதர் ரேடியோவுக்குப் போனார். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். மாடிப்படிக்குக் கீழே, பழைய துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு மேசை போட்டார். பழைய ரிசீவர் ஒன்று, தானே கட்டிய சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்று. குரலை அப்படியே சுமந்து போகும் பழைய ஏ.எம். வகை. அதன் பலம் ஒரு படுக்கையறை விளக்கின் பலம்தான் என்றாலும், மொட்டை மாடியில் கட்டிய கம்பி வழியாக நாலைந்து ஊர் தாண்டிக் குரல் போகும். அதன் நெற்றியில் ஒரு சாக்கெட். அதில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கிறிஸ்டல். அந்தக் கல் எந்த அலைவரிசைக்கு அறுக்கப்பட்டதோ அங்கே மட்டும்தான் பேச முடியும். அரை இம்மி அந்தப் பக்கம் போகாது, இந்தப் பக்கமும் போகாது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கல்.

அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஞாயிறு வட்டம் என்று பதினோரு பேர் அந்த இடத்தில்தான் வாராவாரம் காலை ஒன்பது மணிக்குக் கூடினார்கள். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற கப்பல்காரர். அவர் குரலைக் கேட்டு எல்லோரும் வெண்கலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வாசித்து வருகை எழுதுபவர் ஒரு போஸ்ட்மாஸ்டர். விதி என்றால் உயிரை விடுவார். வானிலையைக் கணக்குப் பாடம் மாதிரி சொல்லும் டீச்சரம்மா ஒருவர். இன்னும் சிலர். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்றால்தான் அடுத்தவர் பேச வேண்டும். பல்செட்காரருக்கு இது சொர்க்கமாக இருந்தது. அவர் பேசும்போது பத்துப் பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலும் சொன்னார்கள்.

அதில் மண் விழுந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கடை விரித்துத் தினமும் ஒன்பதரை வரை பாட்டுப் போட ஆரம்பித்தது. வெண்கலம் ஒரு ஞாயிறு அலுத்துப்போய், "மேல ஒரு பன்னெண்டு கிலோசைக்கிள் தள்ளிப் போயிரலாம், எல்லாரும் வந்துருங்க" என்றார். இவர் மைக்கை எடுப்பதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். பல்செட்காரருடைய ரிசீவரும் போய்விட்டது. அவருடைய கல் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் பாடு பெரும்பாடு. பத்துப் பேர் பேசுவது துல்லியமாகக் கேட்கிறது. தன்னைப் பற்றிப் பேசுவதும் கேட்கிறது. "பல்செட் ஏன் வரல?" "கோபம் போல." "என்ன கோபம்?" "யாருக்குத் தெரியும்? ஓவர்." இவர் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, "கோபம் இல்லடா, கல்லு இல்லடா!" என்று ரிசீவரைப் பார்த்துக் கத்துவார். கூட்டத்தின் கடைசியில் போஸ்ட்மாஸ்டர் பெயர் வாசிப்பார். இவர் பெயர் வந்ததும் ஐந்து விநாடி நிறுத்துவார். பிறகு, "பதில் இல்லை." அதைக் கேட்கச் சகிக்காமல் இவர் பட்டென்று ரிசீவரை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஃபோன் செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். வட்டத்தின் ஏழாம் விதிப்படி, வராத காரணத்தை வட்டத்துக்கு வந்துதான் சொல்ல வேண்டும். கடிதம், ஃபோன், ஆள் மூலம் சொல்லி அனுப்புவது எதுவும் செல்லாது. எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. எட்டாம் விதி இன்னும் மோசம். தொடர்ந்து பதின்மூன்று ஞாயிறு பதில் இல்லை என்றால் பெயர் நீக்கப்படும். இதற்கெல்லாம் மேலே இவருக்கு ரோஷம் வேறு. என்னிடம் ஒரு கல்தான் இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவருக்காவது தோன்றியதா, நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்று முறுக்கிக்கொண்டார்.

"இன்னொரு கல்லு வாங்கித் தொலைங்களேன்" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோக்கும் இடைவெளியில்.

"அது சொல்லி அறுக்கணும்மா. வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள என் பேரையே அடிச்சிருவாங்க."

"அப்போ நகர்ற மாதிரி ஒண்ணு செய்யுங்க. கல்லுன்னா அங்கேயே தான கெடக்கும்?"

அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் விஷயம் அதுதான். கிறிஸ்டலைப் பிடுங்கிவிட்டு, அந்த சாக்கெட்டில் வெளியிலிருந்து ஒரு பெட்டியைச் செருகலாம். வி.எஃப்.ஓ. என்பார்கள். பெட்டிக்குள் ஒரு கண்ணாடி வால்வு, ஒரு சுருள், திருகினால் சுழலும் ஒரு கண்டன்சர். குமிழைத் திருப்பினால் அலைவரிசை நகரும். எங்கே வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பல்செட்காரர் அன்றே வேலையில் இறங்கினார்.

கிளினிக்கில் தூக்கிப்போட்ட, ஊசி வேகவைக்கும் கனத்த டப்பா ஒன்றைப் பெட்டியாக்கினார். பழைய ரேடியோவிலிருந்து கண்டன்சரைக் கழற்றினார். பீங்கான் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தார். கம்பி ஆடினால் அலைவரிசையும் ஆடும் என்பதால் அதைப் பல்செட் மெழுகால் ஒட்டினார். இருபது நிமிஷம் நன்றாக ஓடியது. பிறகு வால்வின் சூட்டில் மெழுகு உருகி, சுருள் தளர்ந்து, அலைவரிசை வழுக்கிக்கொண்டே போய் எங்கோ ஒரு செய்தி வாசிப்பவர் மடியில் உட்கார்ந்தது. மேசையெல்லாம் ரோஸ் நிறத்தில் வழிந்து கிடந்தது.

அடுத்த தடவை உருகாத பொருளுக்குப் போனார். பல்செட்டின் ஈறு செய்யும் அக்ரிலிக்கைக் குழைத்துச் சுருள் மேல் வார்த்து, இறுகவைத்து, வழக்கம் விடாமல் பாலிஷும் போட்டுவிட்டார். மூடியைத் திறந்து பார்த்த மனைவி, "அய்யய்யோ, உள்ள ஏதோ சிரிக்குதே!" என்று இரண்டடி பின்வாங்கினார்.

சிரித்தாலும் அசையவில்லை. ஆனால் பெட்டி சூடேறும் வரை அலைவரிசை நகர்வது மட்டும் நிற்கவில்லை. கதவை அறைந்தால் ஒரு துள்ளல், மின்விசிறிக் காற்று பட்டால் ஒரு சறுக்கல். பெட்டியைக் கம்பளியால் போர்த்தினார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எவ்வளவு நகர்ந்தது என்று சுவரில் பென்சிலால் குறித்தார். மூன்று மணி நேரம் விடாமல் ஓடினால் பெட்டி மலைபோல் நிற்கும் என்று கண்டுபிடித்தபோது பன்னிரண்டு ஞாயிறு போயிருந்தது. மிச்சம் ஒன்றுதான்.

இடம் பிடிக்கும் வித்தை இதுதான். பெட்டி ஓடும்போது அதுவும் ஒரு குட்டி நிலையம். பக்கத்தில் உள்ள ரிசீவருக்கு அது நன்றாகவே கேட்கும். குமிழைத் திருப்பி அவர்கள் இருக்கும் இடத்தை நெருங்கினால் ரிசீவரில் ஓர் ஊளை எழும். நெருங்க நெருங்க ஊளை தணியும். முழுக்க அடங்கிப்போகும் புள்ளிதான் அவர்களுடைய இடம். பிறகு டிரான்ஸ்மிட்டரைப் போட்டுப் பேச வேண்டியதுதான். இதை அவர், குரல் வெளியே போகாமலிருக்க மாடிக் கம்பிக்குப் பதிலாக ஒரு பல்பை மாட்டி, தனியாக நூறு தடவை ஒத்திகை பார்த்தார். பேசுவதற்குத்தான் ஒத்திகை. கேட்பதற்கு யார் ஒத்திகை பார்ப்பார்கள்?

பதின்மூன்றாவது ஞாயிறு. ஆறு மணிக்கே பெட்டியைப் போட்டு, குமிழைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, கம்பளி போர்த்திவிட்டார். குளித்தார், சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டார், முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் பவுடர் பூசினார். ஒன்பதுக்கு வெண்கலம் வந்தார். "எல்லாருக்கும் வணக்கம். சந்தோசமா இருக்கீங்களா?" அந்த 'ச'வில் ஒரு சின்ன விசில். பல்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

குமிழைத் திருப்பினார். ஊளை எழுந்தது, தணிந்தது, அடங்கியது. அச்சு அசலாக அவர்கள் இடம். டிரான்ஸ்மிட்டரைப் போட்டார்.

"பல்செட் பேசுறேன். வந்துட்டேன். எல்லாருக்கும் வணக்கம். ஓவர்."

டிரான்ஸ்மிட்டரை அணைத்துக் காது கொடுத்தார். ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

"பல்செட் பேசுறேன், கேக்குதா? ஓவர்."

ஒன்றும் இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அனுபவஸ்தர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் மண்டையில் ஒன்று போட்டிருப்பார். மூன்று மணி நேரம் கண்ணும் கருத்துமாய்ச் சூடேற்றிய பெட்டியை அணைக்க மனசு வருமா? அது ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற குரல்களை எல்லாம் அமுக்கிக்கொண்டு, ரிசீவர் காதில் தன் மௌனத்தை ஊற்றிக்கொண்டிருந்தது. பல்செட்காரர் அந்த மௌனத்தைத் தன் நண்பர்களுடையது என்று எடுத்துக்கொண்டார்.

வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஐந்தாம் முறையும் பதில் இல்லாமல் போனதும், குரலே போய்ச் சேரவில்லை, எல்லாம் முடிந்தது, பெயர் போய்விட்டது என்று முடிவுகட்டினார். யாருக்கும் கேட்கவில்லை என்று தெரிந்தபிறகு மனுஷனுக்கு என்ன தடை? மைக்கைக் கையில் எடுத்தார்.

"கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன். நீங்க இடம் மாறினீங்களே, எனக்கு ஒரு கல்லுதான் இருக்குன்னு ஒருத்தருக்காவது ஞாபகம் வந்துச்சா? ஓவர்." பழக்கதோஷத்தில் ஓவர் சொல்லி, அரை நிமிஷம் நிறுத்தினார். அமைதி.

"போஸ்ட்மாஸ்டர் சார், உங்க எட்டாவது விதியை நீங்களே வச்சுக்கங்க. பதில் இல்லை, பதில் இல்லைன்னு நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் 'இருக்கேன் சார்'னு நான் இங்க கத்துவேன். ஓவர்." அமைதி.

"டீச்சரம்மா, நீங்க சொல்ற மழைக் கணக்கை நாலு வருஷமா நோட்டுல எழுதி வச்சிருக்கேன். எனக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க சொன்னீங்கன்னு எழுதினேன். ஓவர்." கொஞ்சம் நீண்ட அமைதி.

"வெண்கலத்தண்ணே." மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். "உங்க மேல்பல்லு பூரா நான் செஞ்சது. முன்பல்லை ஒரு நூல் வெளியே தள்ளி வச்சிட்டேன். அதனாலதான் நீங்க 'ச' சொன்னா விசில் வருது. ரெண்டு வருஷமா வாராவாரம் என் தப்பை நானே ரேடியோவுல கேட்டுக்கிட்டு இருக்கேன். சொன்னா ரகசியம் போயிரும், சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் போகுது. கழட்டிக்கிட்டு வாங்க, புதுசா செஞ்சு தரேன். ஓவர்."

இதற்குப் பின் வந்த அமைதியில் மனசு லேசாகி, அவர் கடைசியாக வீட்டுக்கும் வந்தார்.

"வீட்டுல பேசலாம்னா, என் பொண்டாட்டி முடிச்சதும் தான் நான் ஆரம்பிக்கணும். அவ முடிக்கிறதே இல்ல. வேலையில எல்லார் வாயிலயும் பசை. நான் பேசி இன்னொரு மனுசன் பதில் சொன்ன இடம் இது ஒண்ணுதான். அதுவும் போச்சு. ஓவர்."

தையல் மெஷின் நின்று வெகு நேரம் ஆகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"நான் எப்போங்க முடிக்கல?" பின்னால் மனைவி. கையில் கத்தரிக்கோல், கண்ணில் நீர், இரண்டில் எது முதலில் பாயும் என்று சொல்ல முடியாது. "இந்த டப்பா வந்ததுல இருந்துதான் உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு!" கம்பளியை உருவி எறிந்து, பெட்டியின் சுவிட்சைப் படக்கென்று அணைத்தார்.

ரிசீவர் உயிர்பெற்று இரைந்தது. இரைச்சலுக்கு நடுவே டீச்சரம்மாவின் குரல், பளிங்கு மாதிரித் தெளிவாக: "…அவ்வளவுதான் நான் சொல்ல நினைச்சது. இதுக்கு மேல சொன்னா அழுதுருவேன். ஓவர்."

பல்செட்காரர் நாற்காலியோடு சாய இருந்தார். பெட்டியைப் பார்த்தார், ரிசீவரைப் பார்த்தார், எல்லாம் விளங்கியது. கால் மணி நேரம் அவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அத்தனையையும் அவருடைய சொந்தப் பெட்டியே தின்றுவிட்டது. அவர் பேசியது மட்டும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெட்டியை மறுபடி போட்டு, ஊளையை அடக்கி, "பல்செட் பேசுறேன், மன்னிக்கணும், பெட்டியை அணைக்காம விட்டுட்டேன். நீங்க சொன்னது ஒண்ணுகூட எனக்குக் கேக்கல. தயவுசெஞ்சு திரும்பச் சொல்லுங்க, ஓவர்" என்றார். இந்த முறை பெட்டியை மறக்காமல் அணைத்தார்.

இப்போது வந்தது நிஜமான மௌனம். பத்துப் பேரும் கூச்சத்தில் நெளிவது இரைச்சலிலேயே தெரிந்தது.

"முதல்ல இருந்தா?" என்றார் வெண்கலம் கடைசியில். "அதெல்லாம் ஒரு தடவைதான் தம்பி வரும். இன்னொரு தடவை சொல்லச் சொன்னா எவனுக்கு வரும்? ஓவர்."

"வருகை பதிவாயிருச்சு" என்றார் போஸ்ட்மாஸ்டர். "மற்றவை பதிவுல ஏறாது. ஓவர்."

பெயர் பிழைத்தது. ஆனால் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. என்ன சொன்னார்கள்? டீச்சரம்மா அழும்படி அதில் என்ன இருந்தது? இரண்டு நாள் மனைவியிடம் இதையே புலம்பினார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, "ஓவரா?" என்றார். அவர் குரலில் கோபம் இன்னும் பாதி இருந்தது.

செவ்வாய்க்கிழமை வெண்கலம் கிளினிக்குக்கு வந்தார். பின்வாசல் வழியாக இல்லை, முன்வாசல் வழியாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பல்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தார். பல்செட்காரர் தட்டில் பசையை நிரப்பி உள்ளே வைத்து அழுத்தினார். "அசையாதீங்கண்ணே, மூணு நிமிஷம்." பிறகு தாங்கமுடியாமல், "அன்னிக்கு என்னதான் சொன்னீங்க எல்லாரும்? நீங்களாவது சொல்லுங்களேன்" என்றார். வாயில் பசையோடு இருப்பவரிடம் கேட்கிறோமே என்ற நினைப்பே இல்லை.

வெண்கலம் கண்ணை உருட்டினார். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, பல் அளவு குறிக்கும் சீட்டின் பின்பக்கம் எழுதினார்.

'நீ இடம் மாற முடியாதுன்னு ரெண்டாவது வாரமே, பேர் வாசிச்சு முடிச்சப்புறம் டீச்சர் சொன்னாங்க. அன்னிலருந்து ஒவ்வொரு ஞாயிறும் பேர் வாசிச்சு முடிச்சதும், ஒன்பதரைக்குப் பாட்டு நின்ன உடனே, பத்துப் பேரும் உன் பழைய இடத்துக்கு இறங்கி வந்து உன்னைக் கூப்பிட்டோம். கால் மணி நேரம் கூப்பிட்டோம். அதைத்தான் சொன்னோம். நீ எங்கே போயிருந்தே?'

பல்செட்காரர் அதை இரண்டு தடவை படித்தார். அவருடைய கல் பேசக்கூடிய ஒரே இடத்தில், பதினோரு ஞாயிறு, பத்துப் பேர் அவருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கண் நிறைந்து எழுத்து மங்கியது.

"சமையல்கட்டுல இருந்தேன் அண்ணே" என்றார். "என்னை ஒருத்தருமே தேடலைன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்."

வெண்கலத்தின் வயிறு குலுங்கியது. தோள் குலுங்கியது. அசையக் கூடாது என்று நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தும் பயனில்லை. மூக்கு வழியாக ஒரு பெரிய சிரிப்பு வெடித்து, பசை கடைவாயில் பிதுங்கி, தட்டு கோணிக்கொண்டது. அச்சு பாழ்.

பல்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தட்டுக்குப் பசை குழைக்க ஆரம்பித்தார்.